முதுமாணி என்ற ஒரே பெயருக்குள் மூன்று படிப்பு

கம்பளை,
ஜூன் 14

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். எம்எஸ்ஸியா, பொறியியல் முதுமாணியான எம்.எங்கா, நேரே பிஎச்டியா, ஜெர்மனியா, அமெரிக்காவா என்று மூச்சுவிடாமல் கேட்டிருக்கிறாய். விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும் என்றுதான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

நாட்டை முதலில் பிடிக்காதே. இந்தப் படிப்பை முடித்துவிட்டு என்னவாக நிற்கப் போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. ஏனென்றால் முதுமாணி என்று எல்லாரும் ஒரே பெயரால் அழைப்பதில் மூன்று வேறு படிப்புகள் இருக்கின்றன. படிப்புகளை மட்டம் மட்டமாக வரிசைப்படுத்தும் நம் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் அது தெளிவாகவே பிரிந்து கிடக்கிறது. 9ஆம் மட்டம் பாடங்களால் மட்டும் முடியும் முதுமாணி, குறைந்தது 30 கிரெடிட். 10ஆம் மட்டம் பாடமும் ஆய்வும் சேர்ந்தது, குறைந்தது 60 கிரெடிட். 11ஆம் மட்டம் எம்ஃபில், முழுநேரமாக இரண்டு வருட ஆய்வு. பிஎச்டி 12. சான்றிதழில் எம்எஸ்ஸி என்ற எழுத்து மட்டும்தான் கண்ணில் படும். 9ஆ 10ஆ என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது உனக்கு ஏன் முக்கியம் என்றால், கெம்பஸில் விரிவுரையாளராக வரும் ஆசையை நீ இன்னும் விடவில்லை. தகுதிகாண் விரிவுரையாளராக உள்ளே போனபிறகு சிரேஷ்ட விரிவுரையாளராக உயர, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கை ஆய்வேட்டோடு கூடிய, இரண்டு கல்வியாண்டுகள் நீளமுள்ள பட்டப்பின்படிப்பைக் கேட்கிறது. இங்கிலாந்தில் ஒரு வருடத்தில் முடிகிற எம்எஸ்ஸி எவ்வளவு பெயர்பெற்ற இடத்தினுடையதாக இருந்தாலும், இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். காசைக் கட்டிப் படித்து முடித்துவிட்டு வந்து "இது செல்லுமா" என்று கேட்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். கம்பனியிலேயே இருப்பதென்றால் இந்தப் பேச்சே வேண்டியதில்லை. அங்கே மட்டத்தின் எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

கம்பனியை விடாமல் படிப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுபெத்தையில் மொரட்டுவைக் கெம்பஸின் கணினி விஞ்ஞான, பொறியியல் துறை, ரீட் மாவத்தையில் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, பேராதனையில் பொறியியற் பீடமும் பட்டப்பின்படிப்பு விஞ்ஞான நிறுவனமும். வேலை செய்பவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் படிப்புகளில் பலவும் வார இறுதியில் நடக்கின்றன. கொழும்பில் எம்சிஎஸ் (கணினி விஞ்ஞான முதுமாணி), எம்ஐடி (தகவல் தொழில்நுட்ப முதுமாணி) என்று இரண்டு பெயர் கேள்விப்படுவாய். கணினியையே முதற்பட்டமாகப் படித்தவர்களுக்கு எம்சிஎஸ். வேறு பாடம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு எம்ஐடி. நீ எம்ஐடிக்குப் போனால் முதற்பட்டத்தின் இரண்டாம் வருடத்தில் படித்ததையே காசு கொடுத்துத் திரும்பப் படிப்பாய்.

ஒரு கிரெடிட் என்பது சட்டகத்தின்படி 50 மணித்தியால உழைப்பு. 30 கிரெடிட்டுக்கு 1500. இரண்டு வருடத்தில், லீவு கழித்து நூறு வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 15 மணித்தியாலம். சனி, ஞாயிறு வகுப்பு அதில் பாதியைத்தான் எடுக்கும். மீதி, வேலை முடிந்து வெள்ளவத்தை அறைக்கு வந்து ராத்திரியில் செய்ய வேண்டியது. பாடங்களை முடித்துவிட்டு ஆய்வேட்டில் நின்றுபோகிறவர்கள் அதிகம். வகுப்புக்கு நேரசூசி இருக்கிறது, ஆய்வேட்டுக்கு இல்லை. மேற்பார்வையாளர் தானாகத் தேடி வரமாட்டார். அப்படி நின்றால் பல இடங்களில் பட்டப்பின் டிப்ளோமாவோடு வெளியேறலாம், ஆனால் நீ கட்டிய காசு முதுமாணிக்கு. இன்னொன்றும் உண்டு, அதை அம்மாவாகச் சொல்கிறேன். இந்தப் பாதையை எடுத்தால் இரண்டு வருடத்துக்கு மாதத்தில் ஒரு முறைகூட நீ வீட்டுக்கு வரமாட்டாய்.

நாட்டைவிட்டுப் போகாமல் வெளிப் பட்டம் வேண்டுமென்றால், அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014 முதல் நடத்தும் ஓஎம்எஸ்சிஎஸ் என்ற கணினி விஞ்ஞான முதுமாணியைப் பார். முழுக்க இணையவழி, 10 பாடம், 30 கிரெடிட். கட்டணம் அங்கே நேரில் போய்ப் படிப்பதோடு பார்த்தால் மிகச் சொற்பம். உள்ளே எடுப்பது சுலபம், நிலைத்து நிற்பதுதான் பாடு. முதல் 12 மாதத்துக்குள் அடிப்படைப் பாடங்கள் இரண்டில் பி அல்லது அதற்கு மேல் எடுத்தாக வேண்டும். முதல் செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் எடு. இரண்டு எடுத்து இரண்டிலும் சறுக்குவதுதான் வழக்கமான விபத்து.

இனி ஆராய்ச்சிப் பக்கம். உன் மனது அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்பதற்கு உன் இறுதியாண்டு ப்ராஜெக்டிலேயே பதில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற தொட்டிகளில் ஈரப்பத சென்சார் வைத்தீர்களே, அந்தச் சென்சார் பொருத்திய சிறு கருவிகளான நோட்களில் சில, நாட்கள் போகப் போக உள்ளதைவிடக் கூட்டிக் காட்டத் தொடங்கினவே, அந்தப் பிரச்சினை. ஈரம் கூடிய காற்றில் நெடுநேரம் கிடந்தால் மின்கொள்ளளவை வைத்து ஈரத்தை அளக்கும் சென்சாருக்கு அப்படி விலகல் வரும். சரியான அளவுகோல் ஒன்று பக்கத்தில் இல்லாமல், அக்கம்பக்கத்து நோட்களை மட்டும் வைத்து விலகலைக் கண்டுபிடித்துத் திருத்துவது எப்படி என்பது ஆராய்ச்சி உலகில் பெயரோடு இருக்கிற கேள்வி. குருட்டு அளவுத்திருத்தம் (blind calibration) என்று தேடிப் பார்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் ஒரு கெம்பஸில் கணினி விஞ்ஞானத் துறையில் இருப்பார்கள், இன்னொன்றில் மின், கணினிப் பொறியியல் துறையில். எந்தப் பேராசிரியரோடு வேலை செய்ய வேண்டுமோ, அவர் எந்தத் துறையில் மாணவர்களை எடுக்கிறார் என்று பார்த்து அந்தத் துறைக்கு விண்ணப்பம் போடு. துறையின் பெயரைப் பார்த்துப் போட்டால் உன் கோப்பை வாசிக்க வேண்டியவர் கையில் அது போய்ச் சேராது. உலகத் தரவரிசைகளை நம்பி மாய வேண்டாம். சிஎஸ்ரேங்கிங்ஸ் தளம் முன்னணி மாநாடுகளில் வந்த கட்டுரைகளை ஆசிரியர் வாரியாக எண்ணுகிறது. அதில் உனக்கு வேண்டிய, சென்சார் ஆய்வுகளுக்கான சென்சிஸ் மாநாடு உட்பொதி முறைமைகள் என்ற தலைப்பின் கீழ் இல்லை, மொபைல் கணினி என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. தவறான பெட்டியில் டிக் போட்டுவிட்டு ஆளே இல்லை என்று நினைத்துவிடாதே.

அமெரிக்காவில் முதற்பட்டத்திலிருந்து நேரே பிஎச்டிக்குப் போகலாம். ஐந்து, ஆறு வருடம். ஆனால் அனுமதி கிடைத்தால் பெரும்பாலும் கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் வேலையோடு கட்டணமும் விட்டுக்கொடுக்கப்பட்டு, மாதச் செலவுக்கும் காசு வரும். ஆய்வேடு இல்லாத எம்எஸ் அப்படியல்ல, பெரும்பாலும் கட்டணம் முழுதும் உன் தலையில். எம்.எங் என்பதும் அநேகமாக அந்த ரகம்தான், வேலைச் சந்தைக்கான படிப்பு. நம் வீட்டு வருமானத்துக்கு என் முடிவு இதுதான்: அமெரிக்கா என்றால் பிஎச்டி, இல்லையென்றால் வேண்டாம். பிஎச்டி விண்ணப்பங்கள் டிசம்பர் முதல் பாதியிலேயே மூடிவிடும். ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வு பல இடங்களில் கட்டாயமில்லாமல் போய்விட்டது, ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பார். ஜிஆர்ஈ பெறுபேறு ஐந்து வருடம் செல்லும். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு இரண்டு வருடம்தான், அதனால் அதை அவசரப்பட்டு இப்போதே எழுதிவிடாதே. காசோடு வரும் அனுமதிகளுக்குப் பதில் சொல்ல பெரும்பாலான கெம்பஸ்களில் ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. அதற்கு முன்னால் யாராவது நெருக்கினால் பயப்படாதே.

ஜெர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. வீசாவுக்கு முடக்கக் கணக்கு ஒன்றில் ஒரு வருடச் செலவுக் காசு முன்கூட்டியே கிடக்க வேண்டும். 2024 செப்டெம்பரில் அது 11,904 யூரோ, மாதம் 992 வீதம் உன் கைக்கே திரும்பி வரும். கட்டணம் இல்லை என்று கேட்டுச் சந்தோஷப்படுகிற பெற்றோர் இந்த இடத்தில்தான் வாயடைத்துப் போகிறார்கள்.

உன் சராசரிப் புள்ளியான ஜீ.பீ.ஏ.யை ஜெர்மனியில் மாற்றிப் பார்க்கும் கணக்கு இது. அதிகபட்சத்திலிருந்து உன் புள்ளியைக் கழி. அதை, அதிகபட்சத்துக்கும் சித்திக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு. 3ஆல் பெருக்கி 1ஐக் கூட்டு. உன் 3.4க்கு, 4.0 அதிகபட்சம், 2.0 குறைந்தபட்சம் என்று போட்டால் 0.6ஐ 2ஆல் வகுத்து 0.3, மூன்று மடங்கு 0.9, கூட்டினால் 1.9. அங்கே எண் குறையக் குறைய நல்லது. மொரட்டுவையில் ஏ பிளஸுக்கு 4.2 என்பதால் அங்கே படித்த உன் கூட்டாளி 4.0ஐப் போட்டுக் கணக்குப் பார்த்தால் பிழைக்கும், சொல்லிவை.

கணக்கைவிட உன்னை இடறப்போவது வேறொன்று. ஜெர்மன் துறைகள் பல, முதற்பட்டத்தில் கணிதம் எத்தனை கிரெடிட், கோட்பாட்டுக் கணினியியல் எத்தனை கிரெடிட் என்று பிரித்துப் பார்க்கும். கணினிப் பொறியியல் படித்த பிள்ளைகளுக்குச் சுற்றுகளும் சிக்னலும் நிறைய இருக்கும், ஓட்டோமாட்டாவும் கணிமைக் கோட்பாடும் மெலிந்திருக்கும். உன் பாடத்திட்ட விவரக்கொத்தை எடுத்து ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத்தையும் பார். பெயரில் இல்லாமல் உள்ளே பொதிந்திருக்கிற பகுதிகளை எடுத்துக்காட்டினால் சில இடங்களில் ஏற்பார்கள்.

இங்கிலாந்துக்கு செவ்னிங் புலமைப்பரிசில் நல்லதுதான், ஆனால் 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள். உனக்கு இன்னும் அது நிறையவில்லை. இப்போதைக்கு அதை மற.

தமிழ்மொழிச் செயலாக்கம் பற்றிப் போகிறபோக்கில் கேட்டிருந்தாய். மொரட்டுவையில் தேசிய மொழிகள் செயலாக்க நிலையம் இருக்கிறது. அரச ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் சி-தா என்ற மென்பொருள் அங்கே உருவானதுதான். இரண்டு மொழியும் வாசிக்கத் தெரிந்த மலையகப் பிள்ளைக்கு அங்கே எம்ஃபில் செய்வது சின்ன விஷயமில்லை. ஆனால் உன் கை சென்சாரில் இருக்கும்போது ஊர்ப் பாசத்துக்காகத் துறை மாறாதே.

நோக்க அறிக்கை எழுதும்போது, "சிறுவயது முதலே கணினி மீது தீராத ஆர்வம்" என்ற வரியை அழி. வாசிப்பவர் அன்று அதை நாற்பதாவது தடவையாக வாசிக்கிறார். அதற்குப் பதில் இப்படித் தொடங்கு: எத்தனை நோட் வைத்தீர்கள், அதில் எத்தனை விலகின, எத்தனையாம் நாளில் கண்டுபிடித்தீர்கள், முதலில் நோட்டின் மின்கலத்தைச் சந்தேகப்பட்டது ஏன் தவறு. நீங்கள் செய்த பிழையான ஊகத்தையும் எழுது. ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பவர் அதைத்தான் தேடுகிறார். குழுவாகச் செய்த ப்ராஜெக்டில் உன் பங்கு எது என்பதை "நான்" என்று எழுது, "நாங்கள்" என்றே எழுதிக்கொண்டு போனால் நீ என்ன செய்தாய் என்று தெரியாது.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். குறைந்தது இரண்டு கெம்பஸ் ஆசிரியர்களிடமிருந்து வரட்டும், ஒன்று கம்பனி மேலாளர். ஆறு வாரம் முன்னே கேள். பெறுபேற்றுப் பட்டியல், நோக்க அறிக்கையின் வரைவு, எந்த இடத்துக்கு எந்தத் திகதி என்ற அட்டவணை, மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பு. ஒவ்வொரு கெம்பஸும் தனித்தனி இணைப்பை அவர்களுக்கு அனுப்பும், அது ஸ்பேமில் போய்ப் படுக்கும். "வந்ததா சேர்" என்று ஒரு வாரத்தில் கேட்பது மரியாதைக் குறைவில்லை. அவர்களின் ஜிமெயிலைக் கொடுக்காதே, கெம்பஸ் முகவரியைக் கொடு. என்னிடம் பரிந்துரை கேட்காதே. அம்மா பிள்ளைக்கு எழுதினாள் என்ற பேச்சு உனக்குத்தான் கெடுதல்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முன்னே செய்ய வேண்டிய வேலை. உன் பெயர். பிறப்புச் சான்றிதழ் எழுதிய பதிவாளர் ழகரத்தைச் சிங்களத்தில் லகரமாக எழுதினார். மொழிபெயர்ப்பில் அது ஆங்கில எல் ஆகிவிட்டது. அடையாள அட்டையில் இசட், எச். பட்டச் சான்றிதழில் திரும்பவும் எல். பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக விழுந்திருக்கிறது, கெம்பஸ் பதிவிலோ அது வெறும் முதலெழுத்து. கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கிற வெளிநாட்டு அலுவலகத்துக்கு இது மூன்று பெண்கள். விண்ணப்பம் முழுவதையும் பாஸ்போட்டில் உள்ளபடியே நிரப்பு, ஓர் எழுத்தும் மாறாமல். மற்றவை எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்று முடித்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் புதிய மொழிபெயர்ப்பு எடுக்கும்போது பாஸ்போட்டைக் கையில் கொண்டுபோய், அந்த எழுத்துக்கூட்டலையே போடச் சொல். அத்தாட்சிப்படுத்தக் கொழும்பில் வரிசையில் நிற்க வேண்டாம், வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகம் கண்டியிலேயே இருக்கிறது.

அடுத்த போயா விடுமுறைக்கு வரும்போது பட்டச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கொண்டு வா, போட்டோ கொப்பி போதாது. பிறப்புச் சான்றிதழ் அலுமாரியில் அப்பாவின் ஃபைலுக்குள் இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன். மழை விடவில்லை, பையில் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டு வா.

அன்புடன்,
அம்மா