வெண்பன்றி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையால் நின்றது. இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது, பிறந்த 3 நாளுக்குள் நம் கையைவிட்டுப் போகும் குட்டிகளைப் பற்றித்தான்.

அந்த மழையில் என் கொட்டகையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். இரவில் ஒரு தாய்ப்பன்றி குட்டி போட்டது. கரண்ட் போய் பல்பு அணைந்தது. குளிர் தாங்காத குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுத்தன. விடிந்து பார்த்தால் 3 குட்டிகள் நசுங்கிக் கிடந்தன. தாயைக் குறை சொல்ல முடியாது. அதற்கு 20 டிகிரி இதமாக இருக்கும். ஒரு கிலோ சொச்சம் எடையில் ஈரத்தோடு விழும் குட்டிக்கு 34 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே தரையில் விட்டது என் தவறு.

அப்புறம் பல கொட்டகைகளில் தடுப்பு வைத்தோம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பைப் அல்லது முற்றிய மூங்கில். தாய் சுவரோரம் சரிந்தாலும் குட்டி ஒதுங்க இடம் கிடைக்கிறது. மூலையில் மரப்பெட்டி, உள்ளே காய்ந்த வைக்கோல், மேலே பல்பு. கரண்ட் போனால் பெட்டிமேல் சாக்கைப் போட்டு மூடுங்கள். குட்டிகளின் சூடே கொஞ்ச நேரம் காக்கும்.

ஈனுவதற்கு முதல் நாளே தாய்க்கும் வைக்கோல் போடுங்கள். கவ்விக் கொண்டுபோய், முன்னங்காலால் பறித்துப் பறித்துத் தானே படுக்கை கட்டும். வெறும் சிமெண்ட் தரையில் அது கம்பியைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். நெல் விளைகிற ஊரில் வைக்கோல் இல்லை என்று சொல்லக் கூடாது.

சீம்பால் விஷயத்தில் இன்னும் அசட்டை இருக்கிறது. நோய் எதிர்ப்பு சக்தி கருவில் வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதுவும் முதல் 24 மணி நேரத்துக்குள் குடித்தால்தான். குட்டிகள் அதிகமென்றால், வயிறு நிறைந்தவற்றை ஒரு மணி நேரம் பெட்டியில் விட்டு, சோனிக் குட்டிகளை மடியில் விடுங்கள். 3ஆம் நாள் இரும்புச்சத்து ஊசியையும் மறக்க வேண்டாம். குட்டிக்கு நாளுக்கு 7 மில்லிகிராமாவது தேவை, பாலில் கிடைப்பது 1 மில்லிகிராம்தான்.

குட்டிகளின் கூரான பல்லை வெட்டுவதில் கருத்து ஒன்றுபடவில்லை. தாயின் மடியில் பல் பட்டுக் காயம் கண்டால் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம், எல்லாக் குட்டிக்கும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

எத்தனை குட்டி பிழைத்தது என்று இங்கே வாசிக்க ஆசைதான். பாதிப் பேரிடம் கணக்கு இல்லை. வரும் ஆண்டு பிறந்தது, இறந்தது, எப்படி இறந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயிற்சி கேட்டு எழுத அனுமதி கோருகிறேன்.

சினைக்கு விட்ட நாளிலிருந்து 114 நாளை எண்ணி, தேதியை முன்கூட்டியே எனக்குச் சொல்லுங்கள். இரவில் உங்களோடு உட்கார ஆள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்