சித்திரை வீதி தாண்டினால் நடக்க முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு மாலை குடும்பத்தோடு காலாற நடக்க மதுரையில் சித்திரை வீதிகளை விட்டால் வேறு இடம் கிடையாது. மீனாட்சி கோயிலைச் சுற்றி நான்கு வீதியிலும் வண்டிகளுக்கு அனுமதியில்லை. குழந்தைகள் கையை உதறிக்கொண்டு ஓடலாம். ஆனால் அங்கிருந்து விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போக வேண்டுமே! ஆவணி மூல வீதியைத் தொட்டதுமே ஓரமெல்லாம் பைக்குகள்தான். மாமியாரைக் கையைப் பிடித்து நடுரோட்டில்தான் கூட்டிப்போகிறோம், பின்னாலேயே ஆட்டோ ஹார்ன். வார இறுதி மாலைகளிலாவது ஆவணி மூல வீதிகளில் வண்டி நிறுத்தத் தடை விதிக்கலாம். பெரியவர்கள் உட்கார அங்கங்கே கல் பெஞ்சு போட்டால் இன்னும் நல்லது.

– ஒரு வாசகி, மதுரை