பெயரை மாற்றியும் திறக்காத கதவு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய நாடுகளைச் சேர்க்கும் விரிவாக்கம் பற்றிய உங்கள் தலையங்கம் வர்த்தகம், பாதுகாப்பு என்று லாப நஷ்டக் கணக்கோடு நின்றுவிட்டது. ஆனால் மக்கள் மனதில் முதலில் வந்து நிற்பது 'நாம் யார்' என்ற கேள்விதான்.

வடக்கு மாசிடோனியாவைப் பாருங்கள். 2005-லேயே ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் வேட்பாளர் நாடு. 'மாசிடோனியா' என்ற பெயருக்குக் கிரேக்கம் ஆட்சேபித்ததால் 2019-ல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டது. கார் நம்பர் பிளேட்டில்கூட 'எம்கே' போய் 'என்எம்கே' வந்தது. அதே ஆண்டு, உறுப்பினராகும் பேச்சுவார்த்தையைத் தொடங்க விடாமல் பிரான்ஸ் முட்டுக்கட்டை போட்டது. சரி, அதுவும் தீர்ந்தது என்றால், 2020-ல் பல்கேரியா குறுக்கே வந்தது: உங்கள் மொழியே எங்கள் மொழியின் கிளைதானாம்! பாட்டி பேசிய மொழிக்குப் பக்கத்து நாட்டிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், ஒன்றியத்தின் மேல் ஆசை எப்படி மிஞ்சும்?

உள்ளே இருப்பவர்களும் தயங்குகிறார்கள். 2016-ல் உக்ரைனுடன் ஒன்றியம் செய்த வெறும் ஒத்துழைப்பு ஒப்பந்தத்துக்கே, நெதர்லாந்தில் வாக்களித்தவர்களில் 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இத்தனைக்கும் அது உறுப்பினர் ஆக்குவதற்கான வாக்கெடுப்பே அல்ல.

யூரோ நோட்டுகளில் அச்சிட்ட பாலங்கள்கூட எந்த நாட்டிலும் இருந்தவை அல்ல. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று கற்பனையாக வரைந்தவை. இந்தப் பக்கத்தையும் அடுத்த முறை எழுதுங்கள்.

- ஒரு வாசகர்