லீவு என்று நினைத்துவிட்டாள்

ராமநாதபுரம் கடற்கரையில் மீன், நண்டுக் கம்பெனி நடத்தும் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நண்டு உடைக்கும் ஷெட்டுகளில் 11 வருடமாக சூப்பர்வைசர் வேலை பார்க்கிறேன். உங்கள் நோட்டீஸை ஷெட்டில் வாசித்துச் சொல்வதும், பெண்கள் கேட்பதை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பதும் என் வேலையில் பாதி. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முன்பு நான் இருந்த இடத்தில் ஒரு நாள் காலை, கையுறை மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். "மனிதவள மறுசீரமைப்பின் பொருட்டு, கீழ்க்கண்ட பணியாளர்கள் நாளது தேதி முதல் ரிலீவ் செய்யப்படுகிறார்கள்." கீழே 14 பெயர்கள். எழுத்துக்கூட்டி வாசித்த ஒரு பெண் என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, எங்க 14 பேருக்கும் லீவு விட்டிருக்காங்க. சம்பளத்தோடயா?" முகமெல்லாம் சிரிப்பு. தொண்டியில் இருக்கும் அம்மாவைப் போய்ப் பார்த்து வரலாம் என்று அதற்குள் முடிவே பண்ணிவிட்டாள். அது லீவு இல்லை, வேலை போய்விட்டது என்று நான்தான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கத்தியைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், தட்டின் மேல் நேராக வைத்தாள், போய்விட்டாள்.

"வேலையை விட்டு நிறுத்துகிறோம்." மூன்றே சொல். அதில் நிறுத்துவது யார் என்பதும் தெரிந்துவிடும். "செய்யப்படுகிறார்கள்" என்று எழுதினால் யாருமே செய்யாமல் தானாக நடந்தது போல ஆகிவிடுகிறது. என் மனத்தாங்கல் இதுதான்.

இங்கிலீஷ் கலக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நண்டின் நீச்சல் காலோடு சேர்ந்த பெரிய சதையை உடையாமல் எடுத்தால் ஜம்போ, கொடுக்குச் சதை கிளா. பள்ளிக்கூடப் பக்கமே போகாத பெண்கள்கூட இந்தச் சொற்களைச் சரியாகச் சொல்லி, ஒரு துண்டு மாறாமல் பிரித்துப் போடுகிறார்கள். கடலில் வளர்க்கிற கப்பாபைகஸ் பாசிக்கு, அதை இங்கே கொண்டுவந்த கம்பெனியை வைத்து 'பெப்சி பாசி' என்று ஊரே பெயர் வைத்துக்கொண்டது. கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற பொருளுக்குப் புதுச்சொல் வந்தால் எங்களுக்குச் சிரமமே இல்லை.

ஆனால் 'பேண்ட்வித் இல்லை', 'அலைன் ஆகணும்', 'சர்க்கிள் பேக் பண்றோம்' என்பதையெல்லாம் நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பி.எஃப். பணம் பற்றிக் கேட்ட ஒரு அம்மாவுக்கு அந்த 'சர்க்கிள் பேக்'தான் பதிலாக வந்தது. "அப்புறம் சொல்றாங்களாம்மா" என்றேன். "எப்பன்னு கேளு தாயி" என்றார். கேட்டேன். மறுபடியும் அதே சொல்தான் வந்தது.

மீட்டிங்கில் "இந்தக் காலாண்டில் ஹெட்விண்ட் இருக்கு", அதாவது எதிர்க்காற்று அடிக்கிறது, என்கிறீர்கள். காற்றைப் பற்றி இந்த ஊரில் யாரும் அப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேசுவதில்லை. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எடுத்துவிட்டால் மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடல் ஆகாது, பாக் நீரிணைப் பக்க வடகடலில் தொழில் நடக்கும். வாடை வந்துவிட்டால் நேர்மாறு. "கச்சான் எடுத்துருச்சு" என்று ஒருத்தி வாசலில் சொன்னால் போதும், இனி எந்தக் கரை நண்டு வரும், யார் யாருக்கு வேலை இருக்கும் என்று ஷெட்டே கணக்குப் போட்டுவிடும். இத்தனை துல்லியமாகப் பேசத் தெரிந்தவர்களிடம் மூடுமந்திரமாகப் பேசுவது நியாயமா?

மீன்பிடித் தடைக்காலத்தையும் அப்படித்தான் 'லீன் பீரியட்' ஆக்கிவிட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. "நாட்டுப்படகு நண்டு மட்டும்தான் வரும், வாரத்துக்கு 3 நாள்தான் வேலை" என்று முன்னாலேயே சொன்னால், மீதி நாளுக்குப் பாசி மிதவைக்குக் கயிறு கட்டவாவது போவார்கள். 'லீன் பீரியடில் ஷிஃப்ட் ஆப்டிமைஸ் செய்யப்படும்' என்று எழுதிவைத்தால், தினமும் காலையில் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்து, வேலை இல்லை என்று திரும்பிப் போகிறார்கள்.

சரி, தமிழில் எழுதிவிட்டால் போதுமா என்றால் அதுவும் இல்லை. 1956-லேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்தும், 'மேற்படி', 'நாளது தேதி', 'ஆவன செய்யவும்' எல்லாம் இன்னும் நம் ஆபீஸ் காகிதங்களை விட்டுப் போகவில்லை. 50 வயது தாண்டிய அம்மா ஒருவர், மகன் வயதுள்ள ஹெச்.ஆர். தம்பிக்கு 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று அச்சடித்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடுகிறார். பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது. இந்த ஒரு வரியை உடனே எடுத்துவிடுங்கள். பெயரும் கையெழுத்தும் போதும்.

நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஷெட்டில் ஒருத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவள் தப்பாகச் சொன்னால் நோட்டீஸைத்தான் திருத்த வேண்டும்.

அடுத்த தடைக்காலத்துக்கு மார்ச் மாதமே மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: வாரத்துக்கு எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. கரும்பலகையில் நானே பெரிய எழுத்தில் எழுதிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஷெட் சூப்பர்வைசர்,
மண்டபம்.