பயிற்சி ஆட்டம்தானே என்றாய்

கிள்ளான்,
24.7.2022

அன்புள்ள கவிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்.

போன வாரம் லிவர்பூல் காற்பந்து அணி கிரிஸ்டல் பேலஸோடு ஆடியதைப் பார்க்கப் போய், சிங்கப்பூர் தேசிய அரங்கத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டபோது, "காசு கொடுத்துப் பயிற்சி ஆட்டம் பாக்கவா பஸ் ஏறிப் போனீங்க?" என்று சிரித்தாய். ஐம்பதாயிரம் பேர் போட்ட கூச்சலில் உனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். படிப்புக்கு நடுவில் நேரம் கிடைக்கும்போது படி.

நீ கேட்டதில் தப்பில்லை. லிவர்பூலிலேயே இருந்துகொண்டு, யார் யாரையோ பிடித்து டிக்கெட் வாங்கி அணியின் சொந்தத் திடலான ஆன்ஃபீல்டில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு இது விளையாட்டுப் பிள்ளைகளின் வேடிக்கையாகத்தான் தெரியும். புள்ளி கிடையாது. தோற்றால் அழுகிறவனும் கிடையாது. பாங்காக்கில் 12ஆம் தேதி நம் பயிற்சியாளர் கிளாப் அரை மணிக்கு ஓர் அணி என்று மாற்றி மாற்றி இறக்கினார். மான்செஸ்டர் யுனைடெட் 4-0 என்று வெளுத்துவிட்டது. உன் மாமாவைப் பற்றித்தான் தெரியுமே. யுனைடெட் ரசிகர், ஆனால் லிவர்பூல் ஆட்டத்துக்கு எங்கள் கூடவே டிக்கெட் எடுத்து வந்தார், எதற்கென்றால் வழி நெடுக அந்த நாலு கோலையும் எனக்குச் சொல்லிக்காட்ட. கிள்ளானில் ஆரம்பித்தவர் ஜொகூர் பாலத்தில் பாஸ்போர்ட்டை நீட்டும்போதும் நிறுத்தவில்லை.

பணத்துக்காகத்தான் வருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. 2010இலிருந்து லிவர்பூல் சட்டையின் நெஞ்சில் இருக்கும் பெயரைப் பார். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட். நீ இருக்கிற ஊர்க் கடைத்தெருவில் அந்த வங்கிக்கு எத்தனை கிளை பார்த்திருக்கிறாய்? தலைமையகம் லண்டன்தான், ஆனால் அதன் வியாபாரம் பெரும்பாலும் ஆசியாவில், ஆப்பிரிக்காவில், மத்தியக் கிழக்கில். ஆன்ஃபீல்டில் ஓடுகிறவன் நெஞ்சில் அந்தப் பெயரை எழுதுவதே மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு ராத்திரி விழித்திருக்கும் எங்களுக்காகத்தான். சிங்கப்பூரில் கொடுத்த கோப்பைக்கும் அந்த வங்கியின் பெயர்தான். வருஷம் முழுக்க நாங்கள் கண் விழிப்பதற்கு அவர்கள் ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். கணக்கு ஓரளவு நேர்தான் என்பேன்.

ஆனால் நான் போனது அதற்காக மட்டுமில்லை. மே மாதம் ஞாபகம் இருக்கிறதல்லவா? இங்கிலீஷ் லீக்கை ஒரே ஒரு புள்ளியில் விட்டோம், மான்செஸ்டர் சிட்டிக்கு 93, நமக்கு 92. அடுத்த வாரமே பாரிஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டிடம் 1-0 என்று தோல்வி. ஆட்டம் தொடங்கவே அரை மணிக்கு மேல் தாமதம். இங்கே விடியற்காலை மூன்று மணிக்கு உட்கார்ந்தவன் பொழுது விடிந்துதான் எழுந்தேன், எதையோ பறிகொடுத்த மாதிரி. அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நான் காற்பந்தைப் பார்க்கிறேனா, அல்லது கடிகாரத்தையும் புள்ளிப் பட்டியலையும் பார்க்கிறேனா?

சிங்கப்பூரில் வயிறு கலங்காமல் உட்கார்ந்தேன். தொலைக்காட்சி பந்து போகும் இடத்தைத்தான் காட்டும். நேரில் போனால் நம் கண் நம் இஷ்டம். கொஞ்ச நேரம் பந்தை விட்டுவிட்டு நம் கேப்டன் ஹெண்டர்சனை மட்டும் பார்த்தேன். வாய் மூடவில்லை அம்மா அந்த மனுஷன். கையைக் காட்டுகிறான், பின்னால் திரும்பிக் கத்துகிறான், இளம் பையன் ஒருவன் இரண்டடி தள்ளி நின்றதற்கு ஏதோ சொல்கிறான். ஒன்றுமில்லாத ஆட்டத்தில்! பன்னிரண்டாவது நிமிஷம் முதல் கோலும் அவனே அடித்தான். இடைவேளை முடிந்து வந்ததும் சாலா ஒன்று. 2-0. கிரிஸ்டல் பேலஸுக்கு மனவருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மானே ஜெர்மனியின் பயர்ன் அணிக்குப் போய்விட்டதால் இடது பக்கம் எனக்கு இன்னும் வெறிச்சென்றுதான் இருக்கிறது, அது வேறு கதை.

புதிதாக வாங்கிய நூன்யெஸைப் பற்றி ஒரு வார்த்தை. பாங்காக்கில் ஒரு பந்தை வானத்துக்கு அடித்தான் என்று ஊர் உலகமே அவனை வைத்துக் கிண்டல் செய்தது. மாமாவும்தான். இந்த 21ஆம் தேதி ஜெர்மனியின் லைப்சிக் அணிக்கு எதிராக இடைவேளைக்குப் பிறகு இறங்கி நாலு கோல் அடித்தான். அன்று ராத்திரியிலிருந்து மாமாவின் போன் கிடைக்கவில்லை.

உனக்கு உண்மையில் சொல்ல வந்தது 2011 ஜூலை 16, லிவர்பூல் இங்கே வந்து மலேசியாவோடு ஆடிய நாள். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாசார் மாலம் ராத்திரிச் சந்தையில் வாங்கிய சிவப்பு ஜெர்சி, முதுகில் அப்போதைய லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் பெயர். ஜெரார்ட் காயத்தால் ஆடவில்லை, சுவாரெஸ் உருகுவேக்காகக் கோப்பா அமெரிக்காவில் இருந்தான். எல்ஆர்டி ரயிலில் புக்கிட் ஜாலில் அரங்கம் வரைக்கும் அதற்காகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நான் பார்க்கப் போனது விளையாட்டு வீரர்களை அல்ல, பெஞ்சில் உட்காரும் லிவர்பூல் பயிற்சியாளரை.

1978இல் வெம்பிளியில் புரூஜேக்கு எதிரே ஒற்றைக் கோல் போட்டு லிவர்பூலுக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அந்த டால்கிலிஷ். நான் அப்போது தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த பையன். நம் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. நாள் கழித்துப் பத்திரிகையில் தபால்தலை அளவுக்கு வந்த படம்தான் எனக்கு அந்தக் கோல். உன் தாத்தாவுக்கு நம் மலேசிய கோல்கீப்பர் ஆறுமுகம்தான் உலகம், ஊரே ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்டவர். "வெள்ளைக்காரன் படத்தை என்னடா வெட்டுற?" என்பார். அந்தப் படத்து மனுஷர், தலை நரைத்து, புக்கிட் ஜாலிலில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மலேசியாவின் பெஞ்சில் பயிற்சியாளர் யார்? கே. ராஜகோபால். நம் ஆள். அதற்கு ஏழு மாதத்துக்கு முன்தான் மலேசியாவுக்கு முதல்முறையாக, தென்கிழக்கு ஆசிய நாடுகள் மோதும் சுசுகி கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். ஜகார்த்தாவில் கோப்பையைத் தூக்கியதற்கு டிசம்பர் 31ஐப் பிரதமர் பொது விடுமுறை என்றே அறிவித்தார். நீ பள்ளி விடுமுறையில்தானே இருக்கிறோம், இதில் எனக்கென்ன லாபம் என்று கேட்டாய்.

எண்பதாயிரம் பேருக்கு மேல் கூடிய அரங்கம், பார்த்த இடமெல்லாம் லிவர்பூல் சிவப்பு. மலேசியா தன் சொந்தத் திடலில் விருந்தாளி மாதிரி ஆடியது. எனக்கும் அதில் கூச்சம் ஒன்றும் இல்லை, நானும் சிவப்புதான் போட்டிருந்தேன். லிவர்பூலின் சார்லி ஆடம் பெனால்டி போட்டபோது கைதட்டினேன். என்கோக் அடித்தபோதும் தட்டினேன். மலேசியாவின் சாஃபிக் ரஹிம் ஃபிரீ கிக்கை உள்ளே வளைத்தபோது என்ன ஆனது தெரியுமா? நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன். எழ வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. பக்கத்தில் ஜெரார்ட் ஜெர்சி போட்ட மலாய்க்காரர் ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். பிறகு சாஃபீ சாலி ஒன்று, இன்னொன்று. இரண்டுக்கும் அப்படித்தான். தொண்டை கட்டிப்போய், முடிவில் 6-3 என்று நம் கிளப் ஜெயித்ததற்குக் கத்தக் குரலே இல்லை. நீ ஒரு மாதிரி என்னைப் பார்த்தாய். "அப்பா, நாம யாரு பக்கம்?" என்றாய். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று பேச்சை மாற்றினேன்.

இப்போது சொல்கிறேன். புள்ளி, கோப்பை எல்லாம் இருக்கிற ஆட்டத்தில் எனக்கு அந்தக் கேள்வியே வந்திராது. லிவர்பூலும் மலேசியாவும் எந்தக் காலத்தில் கோப்பைக்கு மோதப் போகிறார்கள்? ஒன்றும் பணயம் வைக்காத அந்த ஒரு ராத்திரியில்தான் என் உடம்பு எனக்குத் தெரியாமல் ஒரு பக்கம் எழுந்தது. டால்கிலிஷ் படத்தை வெட்டி வைத்த பையனும் அங்கேதான் இருந்தான், ஆறுமுகத்தின் ரசிகருக்குப் பிறந்த மகனும் அங்கேதான் இருந்தான்.

கசப்பும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. அந்த ஜூலையில் 13ஆம் தேதி ஆர்சனல், 16 லிவர்பூல், 21 செல்சி என்று வரிசையாக வந்தார்கள். 23ஆம் தேதி உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று, ஜாலான் புசாரில் சிங்கப்பூரிடம் 5-3 என்று மலேசியா தோற்றது. 28ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் 1-1. வெளியே போய்விட்டோம். விருந்தாளிகளுக்கு ஆடிக் காட்டிவிட்டு, வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டோம் என்று மாமாக் கடையில் எல்லாரும் திட்டினார்கள். தகுதிச்சுற்றுக்கு இரண்டு நாள் இருக்கும்போது செல்சியை அழைத்தது யார் யோசனையோ, எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

சரி, உனக்கு ஒரு வேலை. ஆகஸ்ட் 15 திங்கட்கிழமை ராத்திரி ஆன்ஃபீல்டில் முதல் ஆட்டம் யாரோடு என்று பார்த்தாயா? அதே கிரிஸ்டல் பேலஸ். இங்கே அப்போது செவ்வாய் விடியற்காலை மூன்று மணி. நான் தொலைக்காட்சி முன்னால் இருப்பேன், மாமாவும் வருவார், வராமல் எங்கே போவார். எப்படியாவது டிக்கெட் பிடி. ஆனால் பந்தைப் பார்க்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்து நிமிஷம் நூன்யெஸை மட்டும் பார்: பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது அவன் எங்கே நிற்கிறான், யாரைப் பார்க்கிறான், மானே ஓடுகிற மாதிரி உள்ளே வெட்டி ஓடுகிறானா என்று. இடைவேளையில் எனக்குப் போன் போடு. கட்டைவிரல் அனுப்பாதே.

குளிருக்கு முன்னால் நல்ல சப்பாத்து ஒன்று வாங்கிக்கொள், பணம் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா