மூன்று மாவில் 40 சென்ட் போவது செலவு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

30 வருஷமாகத் தங்கள் நாளிதழைப் படிக்கிறவன் நான். அதனால்தான் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையில், பலருடைய நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மீதியை மனையாகத் திருப்பித் தரும் நிலத் தொகுப்பு முறையில் நில உரிமையாளருக்கு ஒரு செலவும் இல்லை என்ற வரியைப் பார்த்ததும் மனசு ஆறவில்லை.

கும்பகோணத்துக்குக் கிழக்கே எனக்கு மூன்று மா நஞ்சை இருக்கிறது, ஏறக்குறைய ஒரு ஏக்கர். கட்டுரை பாராட்டிய குஜராத் முறைப்படி சாலை, பூங்கா, திட்டச் செலவுக்காக விற்கும் மனை என்று 40 சென்ட் வரை போய்விடும். மீதி மனையாகத் திரும்பி வரும். அதன் மதிப்பு உயர்ந்தால், உயர்ந்ததில் பாதி வரை நில உரிமையாளரிடமே திட்டச் செலவுக்குப் பங்குத்தொகையாகக் கேட்கவும் அங்கே சட்டத்தில் இடமுண்டு. இதெல்லாம் செலவு இல்லையா?

ஆந்திரத் தலைநகருக்காக இதே முறையில் நிலம் சேர்த்த அமராவதி தங்களுக்குத் தெரியாததல்ல. 2015-ல் விவசாயிகள் நிலம் கொடுத்தார்கள். 2019-ல் ஆட்சி மாறியது, வேலை நின்றது. வயலும் இல்லாமல் மனையும் இல்லாமல் காத்திருந்த வருஷங்களை யார் கணக்கில் எழுதுவது?

எங்கள் ஊருக்குப் புறவழிச்சாலை போட்டபோது இழப்பீடு கொடுத்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் வடிகால் வாய்க்கால் சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்துவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழைக்கு அது அடைத்துக்கொண்டது. தோள் வரைக்கும் கையை விட்டு வைக்கோலும் பிளாஸ்டிக் பையுமாக நானே இழுத்துப் போட்டேன். அதற்குள் நட்ட சம்பா ஐந்து நாள் தண்ணீரில் கிடந்து அழுகிவிட்டது. இரண்டு வருஷம் மறுநடவு செய்தோம். ஒரு குழாய்க்கே இந்தக் கதி. மனைக்காக வாய்க்காலை நேராக்கினால் கடைமடைக்காரன் எங்கே போவான்?

அப்புறம் பட்டா. அப்பா இறந்தபின் கூட்டுப்பட்டாவைப் பிரிக்க நான்கு வருஷம் நடந்தேன். அதே ஏட்டை வைத்துத்தான் யாருக்கு எந்த மனை என்று முடிவு செய்யப்போகிறார்கள். என் பக்கத்து வயல்காரர் கோவில் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுபவர். குத்தகைதாரர்களைக் காக்க 1955-லேயே சட்டம் வந்தது. ஆனால் மனை வருவது பட்டாவில் பெயர் இருப்பவருக்கு. நடவுக்கு வரும் பெண்களுக்கு அந்தச் சட்டமும் இல்லை.

2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனபோது பட்டாசு வெடித்தோம். அந்தச் சட்டம் எண்ணெய்க் கிணற்றையும் உருக்காலையையும் தடுக்கிறது. மனைப்பிரிவைத் தடுக்கவில்லை. இதைத் தங்கள் நாளிதழாவது அன்றைக்கே எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனி எங்கள் பக்கம் இப்படி ஒரு திட்டத்துக்கு அறிவிப்பு வந்தால், சர்வே எண்களையும் ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசி நாளையும் மாவட்டப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கும்பகோணம் வட்டம்