ராட்டினத்துக்கும் ஒரு புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுங்கள்

பொருட்காட்சித் திடலில் ராட்டினம் சுற்றக் கையெழுத்துப் போடும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சாயங்காலம் கடலூரில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவில் கீழே நின்று கத்துகிற பெண் நான்தான். உச்சிப் பெட்டியில் இருந்தது என் மகளும் அண்ணன் பையனும்.

அன்று ஐந்தரைக்கே நெய்வேலிப் பக்கம் கருத்துவிட்டது. கோடை மழை மேற்கிலிருந்துதான் வரும் என்பது கூடைக்கார ஆயாவுக்கும் தெரியும். கவுண்டரில் டிக்கெட் கிழிப்பது மட்டும் நிற்கவில்லை. காற்று வந்தது, கரண்ட் போனது, ராட்டினம் நின்றது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. நாலு பையன்கள் சட்டத்தைக் கையால் இழுத்துப் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். ஒரு பக்கமே இறக்கினால் மறுபக்கம் கனத்துச் சக்கரம் தானாக ஓடிவிடுமாம். அதனால் இங்கே ஒன்று, எதிரே ஒன்று. என் பிள்ளைகள் தரைக்கு வர 25 நிமிஷம். மகளின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா, மின்னும்போது இரும்பைப் பிடிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களே, வேற எதைப் பிடிக்கிறது?"

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. காற்று எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டதற்கு, "மேல கொடி கட்டியிருக்கோம்க்கா, அது ஆடினா தெரியும்" என்றான் ஒருவன்.

என் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், மீனவர்கள் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால் படகு கரையில் கிடக்கும், அடுப்பும் அதற்கேற்றபடி எரியும். கட்டுப்படுகிறோம். மெக்கானிக்கல் படித்த என் தம்பி சொல்கிறான்: ராட்டினங்களுக்கான ஐரோப்பியத் தரவிதியில், ஓடும்போது தாங்க வேண்டிய காற்றை நொடிக்கு 15 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறார்களாம். அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். எங்கள் படகைக் கட்டிப்போடுகிற அதே காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகுமாம். இதைக் கொடி சொல்லுமா?

நான் கேட்பது இதுதான். ராட்டினத்தில் காற்றுமானி வையுங்கள். எந்த வேகத்தில் நிறுத்துவது என்று பலகையில் எழுதுங்கள். நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை டிக்கெட் காசு வாங்காத ஒருவரிடம் கொடுங்கள். ஆளை இறக்கவே அரைமணி ஆகும் சக்கரத்தை மழை விழுந்தபின் நிறுத்தி என்ன பயன்? இடி கேட்டாலே இறக்க ஆரம்பிக்க வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிஷம் யாரையும் ஏற்றக் கூடாது.

2011-ல் 'தானே' புயலில் கூரை பறிகொடுத்த ஊர் இது. இங்கே காற்றைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. டூவீலர் நிறுத்தக் காசு வாங்க மட்டும் வரிசையாக ஆள் நிற்கிறது. கவுண்டரில் ஓர் அட்டை தொங்குகிறது: 'மழை பெய்தால் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.' வானிலையைப் பற்றி அந்தத் திடலில் எழுதி வைத்திருக்கும் ஒரே விதி அதுதான். கழிப்பறையைப் பற்றி ஆரம்பித்தால் மடல் முடியாது, விடுகிறேன்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொருட்காட்சி முடிய இன்னும் நாளிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்குள் காற்றுமானியை மாட்டி, நிறுத்த ஓர் ஆளையும் போடுங்கள், தயவுசெய்து. அதுவரை ராட்டினம் நிற்கட்டும். எங்கள் படகு நிற்கவில்லையா?

இப்படிக்கு,
தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர் வீட்டுப் பெண்